பிரிக்காத பொட்டலம்

எங்க ஆத்துல பெருமாளைக் கேட்காம ஒரு காரியம் நடக்காது. கிணறு தூர் வாரலாமா, பசுமாடு வாங்கலாமா, பொண்ணைக் குடுக்கலாமா, எல்லாத்துக்கும் பூக்கட்டிப் பார்க்கணும். வெள்ளைப் பூ ஒண்ணு, செவப்புப் பூ ஒண்ணு. தனித்தனியா வெத்தலையில மடிச்சு, வாழைநாரால கட்டி, கோயிலாழ்வாருக்கு முன்னாடி வெச்சுடுவா. கோயிலாழ்வார்னா பெருமாள் எழுந்தருளியிருக்கற மரப்பெட்டி. ஆத்துலேயே சின்னக் கொழந்தை எதுவோ அது வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கணும். வெள்ளை வந்தா ஆகட்டும், செவப்பு வந்தா வேண்டாம். ஒரு விஷயத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். மறுபடியும் கேட்டா, நீ சொன்னதுல எனக்கு நம்பிக்கை இல்லைன்னு பெருமாள் மூஞ்சிக்கு நேரே சொல்றதாம். மாமனார் சொல்வார்.

நான் பொறந்தது திருச்சினாப்பள்ளிப் பக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தப்போ இவா பேசற தமிழே பாதி புரியலை. மேல்கோட்டையில தலைமுறை தலைமுறையா இருந்தவா, கன்னடமும் பழைய தமிழும் கலந்து பேசுவா. பூக்கட்டறதைப் பார்த்துட்டு எனக்குச் சிரிப்பு வரும். "உங்க பெருமாளைச் சித்த நாழி கண்ணசர விடமாட்டேளா"ன்னு ஆத்துக்காரர்கிட்ட கேட்பேன். அவர் வாயைப் பொத்திண்டு சிரிப்பார், அப்பா காதுல விழுந்துடப் போறதேன்னு. அவர் சுபாவம் அது. நல்ல உசரம், ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு, சர்க்கார் ஆபீஸ்ல குமாஸ்தா. கோபம்னு ஒண்ணு அவருக்குக் கிடையாது. ரெண்டு பேருக்கும் சேர்த்து என்கிட்ட இருந்துது.

மாமியார் நான் வர்றதுக்கு முன்னாலேயே போயிட்டா. மாமனார், இவர், நான், நாலு வயசுல ஒரு பொண்ணு. அவ்வளவுதான் குடும்பம். அதுக்கு மேல பெருமாள். உள்ளங்கையில அடங்கற கறுப்புச் சாளக்கிராமம். சாளக்கிராமம் இருக்கற ஆத்துல ஒரு நாள்கூட ஆராதனம் நிக்கக் கூடாது. நின்னா பெருமாளைப் பட்டினி போட்ட பாவம். பொம்மனாட்டி அதைத் தொடவும் கூடாது. தளிகை பண்ணி வாசல்படி வரைக்கும் கொண்டு வைக்கறதோட நம்ம வேலை முடிஞ்சுது.

மைசூர்ல பிளேகு வர்றதும் போறதுமா இருந்த காலம் அது. அந்த வருஷம் மண்டி மொஹல்லாவுல தானியக் கடைகள்ல முதல்ல எலி விழுந்துது. எங்க தெரு அதுக்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி. எலி விழறதுன்னா மேலேர்ந்து விழறது இல்லை. பட்டப்பகல்ல நடு ரேழிக்கு வரும், மனுஷாளைப் பார்த்து ஓடாது, கிறுகிறுன்னு சுத்தும், அப்படியே சாஞ்சுடும். எலி சாஞ்சா கொஞ்ச நாள்ல மனுஷா சாய்வா. எங்களுக்குப் பால் கொண்டு வர்ற கௌடர் வீட்டம்மா வாசல்ல நின்னுண்டே சொன்னா, "இலி பித்ரெ மனெ பிடம்மா." எலி விழுந்தா வீட்டை விட்டுடுன்னு. அவ சொன்ன வாரத்துலேயே எதிர் ஆத்துல விழுந்துது.

ஊரே ஊருக்கு வெளியில கிளம்பித்து. ஹெப்பாள் போற வழியில மேட்டு நிலத்துல மூங்கிலும் தட்டியும் வெச்சுக் கொட்டகை போட்டுண்டு ஜனங்கள் இருந்தா. நாங்களும் ஒண்ணு போட்டோம். பாத்திரம் பண்டம் வண்டியில ஏத்தியாச்சு. அப்போதான் மாமனார் நின்னுட்டார். "பெருமாள்?"ன்னார்.

அவர் கவலை அவருக்கு. கொட்டகை வரிசையில தினம் ஒரு சாவு. பக்கத்துக் கொட்டகைக்கும் நம்மதுக்கும் நடுவுல ஒரு தட்டிதான். அந்தத் தீட்டுக்கு நடுவுல பெருமாளை எப்படி எழுந்தருளப் பண்றது? விட்டுட்டுப் போனா ஆராதனம் என்னாறது? பூக்கட்டிப் பார்த்தார். பெருமாள் ஆத்துலேயே இருக்கறதானா வெள்ளை, கூட வர்றதானா செவப்பு. கொழந்தை அப்பா மடியிலேர்ந்து இறங்கி ஓடிப்போய் ஒண்ணை எடுத்துண்டு வந்துது. நந்தியாவட்டை. வெள்ளை.

மாமனார் மொகம் மலர்ந்துடுத்து. பூட்டின ஆத்துல திருடன் புகுந்துண்டிருந்த சமயம் வேற. "பார்த்தியா, ஆத்துக்கு அவரே காவல் இருக்கேங்கறார்"னார். "சரி மாமா, காவல்காரருக்குச் சாப்பாடு யார் கொண்டு போறது?"ன்னு கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது. "நான் போவேன்"னார். போகவும் போனார். விடியக்காலம் ஸ்நானம் பண்ணி, ஈர வேஷ்டியோட மைல் கணக்கா நடந்து, பூட்டைத் திறந்து, திருவாராதனம் பண்ணி, பாலும் கல்கண்டும் அமுது செய்யப் பண்ணி, எங்களுக்குத் தீர்த்தம் கொண்டு வருவார். ஒரு நாள் வரப்புல சறுக்கிக் கணுக்கால் வீங்கிடுத்து. மறுநாள்லேர்ந்து இவர் போக ஆரம்பிச்சார். யாரும் போன்னு சொல்லலை. அப்பாவோட காலைப் பார்த்தார், சொம்பை எடுத்துண்டு கிளம்பிட்டார்.

கொட்டகையில காலையில எழுந்ததும் எல்லாரும் பண்ற காரியம் ஒண்ணு உண்டு. வெளியில வந்து வரிசையைப் பார்க்கறது. எந்தக் கொட்டகையிலேர்ந்து அடுப்புப் புகை வரலைன்னு பார்க்கறது. வராத இடத்துக்குப் பொழுது ஏறினப்புறம் பாடை கட்ட மூங்கிலோட ஆட்கள் வருவா. யாரும் வாய் விட்டு அழுததா எனக்கு ஞாபகம் இல்லை. அழுதா நம்ம கொட்டகையைத் திரும்பிப் பார்த்துடுமோன்னு பயம். அடுப்புல வைக்க ஒண்ணும் இருக்காது, ஆனாலும் நான் பொழுது விடியறதுக்குள்ள அடுப்பை மூட்டிடுவேன்.

இவர் தினமும் திரும்பி வந்து ஒண்ணொண்ணு சொல்வார். தெருவுல ஒரு ஈ காக்கா இல்லை. கோடி ஆத்து நாய் மட்டும் வாசல்ல படுத்துண்டிருக்கு, குலைக்கக்கூட மாட்டேங்கறது. அப்புறம் ஒரு நாள், "கூடத்துல ஒண்ணு கிடந்துது"ன்னார். எதுன்னு நான் கேட்கலை. அடுத்த நாள் சமையலறையில. அதுக்கடுத்த நாள் தீர்த்தத்தைக் கையில விட்டுண்டே, சும்மா ஊர்க்கதை சொல்ற மாதிரி சொன்னார். இவர் துளசி சாத்திண்டிருக்கறச்சே, கோயிலாழ்வாருக்குப் பின்னாடிலேர்ந்து ஒரு எலி தள்ளாடிண்டு வந்துதாம். விளக்கைச் சுத்திச் சுத்தி வந்து அவர் முழங்காலுக்குப் பக்கத்துலேயே சாஞ்சுதாம். எடுத்து வெளியில போட்டுட்டு, மறுபடி ஸ்நானம் பண்ணி, ஆராதனத்தை முடிச்சுட்டு வந்திருக்கார். "சன்னிதியில உசிரை விட்டுது, அதுக்கு மோட்சம்தான்"னு என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் தீர்த்தத்தை வாயில விட்டுக்கலை, தலையில தடவிண்டுட்டேன்.

அன்னிக்கு மாமனாரோட நேருக்கு நேர் பேசிட்டேன். மருமகள் அப்படிப் பேசற காலம் இல்லை அது.

"மாமா, நாளைக்கு இவர் போக வேண்டாம்."

"பெருமாள் பட்டினி கிடக்கட்டுமா?"

"பெருமாளை இங்கே அழைச்சுண்டு வந்துடலாம்."

"வர மாட்டேன்னு அவர்தான் சொல்லிட்டாரே."

"அன்னிக்குக் கேட்டேள், அன்னிக்குச் சொன்னார். அன்னிக்கு ஆத்துல எலி விழலை. இன்னிக்குக் கேட்டேளா?"

"ரெண்டாம் தரம் கேட்கப்படாது. அவர் பார்த்துப்பார்."

"பார்த்துப்பார் மாமா, நான் இல்லேங்கலை. உள்ள போறவரைப் பார்த்துப்பாரா, போக விட்டுட்டு இங்க உட்கார்ந்திருக்கறவாளைப் பார்த்துப்பாரா?"

சொன்ன உடனே நாக்கைக் கடிச்சுண்டேன். அடிச்சிருந்தாக்கூட எனக்கு ஆச்சரியமா இருந்திருக்காது. அவர் வீங்கின காலையே பார்த்துண்டு இருந்தார். அப்புறம் மெல்ல, "அவனைப் பெத்தவன் நான். எனக்குப் பயம் இல்லைன்னு நினைச்சுண்டியாம்மா? தினமும் அவன் தலை அந்த மேட்டுல தெரியற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றது இல்லை. ஆனா அவர் வார்த்தையை மீறினா நான் இத்தனை நாள் நம்பினது எல்லாம் வேஷம்னு ஆயிடுமே"ன்னார். கண்ணுல ஜலம். எனக்கு அவர் மேல கோபமும் தீரலை, பாவமாவும் இருந்துது. நல்ல மனுஷர். கெட்டவரா இருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன்.

மறுநாள் இவர் எழுந்துக்கறதுக்கு முன்னாடி எழுந்தேன். வாய்க்கால்ல முழுகிட்டு, ஈரப்புடவையோடயே, தட்டியில சொருகியிருந்த சாவியை எடுத்துண்டு நடந்தேன். நான் பெரிய தைரியசாலின்னு நினைச்சுக்க வேண்டாம். வழி நெடுக ஒண்ணேதான் சொல்லிண்டு போனேன். பெருமாளே, உன்னை நான் ஒண்ணும் கேட்கலை. வந்துண்டிருக்கேன்னு சொல்லத்தான் சொல்றேன். தப்பா இருந்தா என்கிட்ட கணக்குத் தீர்த்துக்கோ, வேற யார்கிட்டயும் வேண்டாம்.

பூட்டைத் திறந்ததும் ஒரு வாடை வந்துது. எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்போ சொல்றச்சேயும் மூக்குல ஏறறது. வெளிச்சம் அப்போதான் வந்துண்டிருந்துது. பெருமாள் இருக்கற அறைக்குப் போனேன். கோயிலாழ்வார் கதவைத் திறந்தா, பின் பலகையில கையளவு ஓட்டை. பெருமாளுக்குச் சாத்தற பட்டு எல்லாம் நார் நாராக் கடிச்சுக் குவிஞ்சு கிடக்கு. எலி வளை கட்டியிருக்கு. அதுக்கு நடுவுல பெருமாள் உட்கார்ந்திருக்கார். முதல் நாள் சாத்தின துளசி வாடக்கூட இல்லை.

எனக்கு அழுகை பொத்துண்டு வந்துது. பெருமாளைக் காவலுக்கு வெச்சுட்டுப் போனோமே, இந்தக் குப்பையில. தொடக் கூடாதுன்னு கை ஒரு க்ஷணம் நின்னுது. அப்புறம், "போறும், வாங்கோ போலாம்"னு சொல்லி எடுத்துட்டேன். கொழந்தையைத் தூக்கறச்சே சொல்வோமே, அந்தக் குரல்தான் வந்துது. சில்லுன்னு இருந்தார். நினைச்சதைவிடக் கனம். பட்டைத் தொடலை, பெட்டியைத் தொடலை, வெள்ளி வட்டிலைக்கூடத் தொடலை. ஈரத் தலைப்புல முடிஞ்சு மார்போட அணைச்சுண்டு வெளியில வந்தேன். பூட்டினேன். தெருக்கோடியில பொதுக் கிணறு. சாவியை அதுல போட்டுட்டேன். எனக்கு என் ஆத்துக்காரரைத் தெரியும். அப்பா போன்னு சொன்னா போவார். பூட்டு திறக்க முடியாம இருக்கறது ஒண்ணுதான் அவரைக் காப்பாத்தும்னு தோணித்து.

பாதி வழியில எதிர்க்க வந்தார். ஓட்டமும் நடையுமா வந்திருக்கார், மூச்சு வாங்கறது. என் தலைப்பு முடிச்சைப் பார்த்தார். உள்ள யாருன்னு கேட்கவே வேண்டியிருக்கலை.

"என்ன காரியம் பண்ணிட்டே?"

"ஆத்துக்கு அழைச்சுண்டு போறேன். வழி விடுங்கோ."

வழி விட்டார். எப்பவும் எனக்கு முன்னாடி நடக்கறவர் அன்னிக்குப் பின்னாடி வந்தார். கொஞ்ச தூரம் போனதும் காலடிச் சத்தம் கேட்கலை. திரும்பிப் பார்த்தா, மதகு மேல உட்கார்ந்திருக்கார். "நீ போ, தலை கனமா இருக்கு, சித்த இருந்து வரேன்"னார். வெயில்கூட வரலை அப்போ. ஓடி வந்த களைப்புன்னு நினைச்சேன். நினைச்சேனா, நினைக்கப் பார்த்தேனா, தெரியலை.

மாமனார் கொட்டகை வாசல்ல தடியை ஊனிண்டு நின்னுண்டிருந்தார். நான் பித்தளைத் தாம்பாளத்தை அலம்பி, அதுல பெருமாளை எழுந்தருளப் பண்ணிட்டு எட்டி நின்னேன். மாமனார் தாம்பாளத்தையே பார்த்தார். அப்புறம், "கோயிலாழ்வார் எங்கே?"ன்னார்.

"எலி வளை கட்டியிருக்கு மாமா."

"வெள்ளி வட்டில்? பெருமாள் பட்டு?"

"அங்கேயே."

அதுக்குள்ள இவரும் வந்து தட்டியில சாஞ்சு உட்கார்ந்துட்டார். மாமனார் பிள்ளையைப் பார்த்து, "கோயிலாழ்வாரை எடுத்துண்டு வந்துடு. பெருமாள் தாம்பாளத்துல உட்கார்ந்திருக்கறதைப் பார்க்க எனக்குச் சகிக்கலை"ன்னார். இவர் வேஷ்டியை இழுத்துக் கட்டிண்டு எழுந்தார். நான் நினைச்சபடிதான். "சாவி குடு"ன்னார்.

"கிணத்துல போட்டுட்டேன்."

மாமனார் என்னைப் பார்த்தார். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தார். தடியைக் கீழே போட்டுட்டு, முனகிண்டே காலை மடக்கி உட்கார்ந்து, "தீர்த்தம் கொண்டா"ன்னார். அந்தத் தீட்டுக் கொட்டகையில, பித்தளைத் தாம்பாளத்துல, திருவாராதனம் பண்ணினார். ஒரு இடத்துலயும் நிறுத்தலை. எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். தீர்த்தம் வாங்கிக்க இவரைக் கூப்பிட்டார். இவர் எழுந்துக்கலை. மறுபடியும் தட்டியில சாஞ்சு கண்ணை மூடிண்டிருந்தார். தொட்டேன். கை சுட்டுது.

சாயங்காலத்துக்குள்ள துடை இடுக்குல நெறி கட்டிடுத்து. ஆஸ்பத்திரி ஆள் வந்தார், பார்த்தார், "தண்ணி குடுத்துண்டே இருங்கோ"ன்னார், அடுத்த கொட்டகைக்குப் போயிட்டார். பால்காரம்மா பாலை எட்டக்க வெச்சுட்டுத் தலையில அடிச்சுண்டு போனா.

மறுநாள் மத்தியானம் நான் துணியை நனைச்சுண்டு வந்தேன். மாமனார் வேலி ஓரத்துல பறிச்ச தும்பைப் பூ ஒண்ணும் செவப்பு அரளி ஒண்ணும் வெத்தலையில மடிச்சுக் கட்டிண்டிருந்தார். தாம்பாளத்துக்கு முன்னாடி வெச்சார். பிழைப்பான்னா வெள்ளை. கண்ணை மூடிண்டு கை கூப்பிண்டு, கொழந்தையைக் கூப்பிட்டார். அதுக்கு விளையாட்டு. அப்பா எழுந்து வந்து பார்ப்பார்னு சிரிச்சுண்டே ஓடி வந்துது, கையை நீட்டித்து.

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை. பாய்ஞ்சு ரெண்டு பொட்டலத்தையும் பிடுங்கிட்டேன்.

"அவர் என்ன நினைச்சிருக்கார்னு நமக்குத் தெரிய வேண்டாமாம்மா?"ன்னு மாமனார் அழுதார்.

"வேண்டாம் மாமா. அவர் பண்றதை அவர் பண்ணட்டும். இந்தக் கையால சொல்ல வேண்டாம். ஒரு தரம் இந்தக் கை எடுத்துக் குடுத்தாச்சு. போறும்."

அப்போதான் அவருக்கு உறைச்சுது. கொழந்தையோட கையைப் பார்த்தார். முதல் வெள்ளைப் பூவை எடுத்த கை. மொகத்தை மூடிண்டுட்டார். நான் ரெண்டையும் பிரிக்காமலே அடுப்புல போட்டேன். பச்சை வெத்தலை, சீக்கிரம் எரியலை, புகைஞ்சுண்டே இருந்துது. மாமனார் நகர்ந்து நகர்ந்து பிள்ளைகிட்ட போய் விசிற ஆரம்பிச்சார். நான் இவர் வாயில ஜலம் விட்டேன். அந்த ஒரு வாய் உள்ளே இறங்கித்து. அடுத்த வாய் விட்டேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் நினைக்கலை.

மறுநாள் ஒரு சமயம் இவருக்குத் தெளிவு வந்துது. என்னைப் பார்த்துச் சிரிச்சார். "சாவியைக் கிணத்துல போட்டுட்டியாமே. அப்பா மொகத்தைப் பார்த்தியோ?"ன்னார். அப்புறம், "தினம் பூட்டைத் திறக்கறச்சே எனக்குக் கை நடுங்கும்"னார்.

"ஏன் சொல்லலை? என்கிட்டயாவது சொல்லப்படாதா?"

"சொன்னா பெருமாள் காதுலயும் விழுமேன்னுதான்."

ரெண்டு பேரும் சிரிச்சோம். நான் கொஞ்சம் ஜாஸ்தியாவே சிரிச்சேன். அடுத்த நாள் விடியறச்சே எங்க கொட்டகையிலேர்ந்து புகை வரலை. வரிசையில எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பா.

அப்புறம் பேசினவா பேசினா. பொம்மனாட்டி தொட்டா, அதான்னு சிலபேர். கிழவர் பிள்ளையைக் காவு குடுத்துட்டார்னு சிலபேர். மாமனார் முதல் பேச்சு யார் எடுத்தாலும் எழுந்துண்டு போகச் சொல்லிடுவார். ரெண்டாவது பேச்சுக்குத் தலையைக் குனிஞ்சுண்டு உட்கார்ந்திருப்பார். கோயிலாழ்வாரை முனிசிபாலிட்டி ஆட்கள் பூட்டை உடைச்சுக் கொளுத்திட்டா. வேற பெட்டி செய்ய மாமனார் ஒத்துக்கலை. அவர் இருந்த வரைக்கும் பெருமாள் அந்தத் தாம்பாளத்துலதான் இருந்தார். எங்க ஆத்துல பூக்கட்டிப் பார்க்கறது அதோட போச்சு. ஒரு நாள் முன்னாடியே நான் போயிருந்தா பிழைச்சிருப்பாரோன்னு எனக்குத் தோணாம இல்லை, தோணும். தோணினா எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.

என் பொண்ணுக்கு இப்போ பேரன் எடுக்கற வயசு. முதல் பூவை எடுத்தது தான்தான்னு அவளுக்கு ஞாபகம் இல்லை. மாமனார் கடைசி மூச்சு வரைக்கும் சொல்லலை, நானும் சொல்லலை. இங்கே எழுதலாம். அவளுக்குக் கன்னடம்தான் படிக்க வரும், தமிழ் வராது. போன மாசம் அவளாவே கேட்டா, "அம்மா, அப்பாவுக்கு உடம்பு வந்தப்போ பூக்கட்டிப் பார்க்கலையா?"ன்னு.

"கட்டினோம். பிரிக்கலை"ன்னேன்.

"பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே."

தெரிஞ்சிருக்கும்தான். செவப்பு வந்திருந்தா, அந்த ரெண்டு நாளும் பொணத்துக்கு ஜலம் விட்டிருப்பேன். பிரிக்காததுனால என் ஆத்துக்காரருக்கு விட்டேன்.